ப்ளீச்சிங் வாடை அடித்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

2020 ஏப்ரலில் மதுரையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ப்ளீச்சிங் வாடைதான். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 25 அன்று, நம்ம ராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அந்தப் பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தோம். தீயணைப்பு வண்டியில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினித் திரவம்), வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் ஹைப்போ, கிராமத்துப் பக்கம் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீர். திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள் தலைமேலேயே மருந்து தெளிக்கிற சுரங்கப்பாதையை ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் முளைத்தன. பிறகு மாநிலப் பொதுசுகாதாரத் துறையே வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும், மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிப்பது உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல், எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று அறிவித்தது.

அந்த அலை ஓய்ந்தாலும் பழக்கம் ஓயவில்லை. ஊரில் ஏதாவது காய்ச்சல் கிளம்பினால் அபார்ட்மென்ட் செகரட்டரி, மண்டப மேனேஜர், லாட்ஜ் சூப்பர்வைசர் எல்லோரும் முதலில் தேடுவது ஹைப்போ கேனைத்தான். வாங்குகிறவர் ஒருவர், கலக்குகிறவர் இன்னொருவர். அளவு என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "இன்னுங் கொஞ்சம் போட்டா நல்லாச் சாகும்லண்ணே" என்பதுதான் நடைமுறைக் கணக்கு. கைப்பிடிக் கம்பியில் ஒட்டியிருக்கும் கிருமியால் வரும் ஆபத்தைவிட, அளவு தெரியாமல் கலந்த அந்த வாளியால் வரும் ஆபத்து பல கட்டடங்களில் பெரியது. ஆகவே வாளியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில், தொடுகிற பரப்புகளுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்? 2020 மார்ச்சில் வந்த ஆய்வக முடிவு, கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, ஸ்டீலில் 48 மணி நேரம் வரை, அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்றது. அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வீடு பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டார்கள். ஆய்வகத்தில் உயிரோடிருப்பது வேறு, கதவுப்பிடியிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து மூக்குக்குப் போய் ஆளைப் படுக்கப் போடுவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி, கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் கீழே என்று கணித்தது. கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவியது.

அப்படியானால் துடைக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். மெட்ராஸ் ஐ கிளம்பினால் அது கையாலும் துண்டாலும் குழாய்த் திருகாலும்தான் வீடு வீடாகப் போகிறது. மண்டபத்தில் பத்துப் பேருக்கு வாந்திபேதி என்றால் அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய நோரோ வைரஸும் அப்படித்தான். இந்த இரண்டு வகையும் கொரோனாவைவிடக் கெட்டி. கொரோனா, ஃப்ளூ வைரஸ்களைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. சாதாரணச் சோப்புத் தண்ணீரே அதைக் கரைத்துவிடும். மெட்ராஸ் ஐயைப் பரப்பும் அடினோ வைரஸுக்கும் நோரோவுக்கும் அந்த உறை கிடையாது. சானிடைசரும் வாசனைத் தரைக் கழுவியும் அவற்றிடம் தடுமாறும். குளோரின்தான் அங்கே வேலை செய்யும். எந்த நோய்க்காகக் கழுவுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்த பாட்டிலை எடுப்பது என்று முடிவு பண்ண முடியும்.

குளோரின் எதுவானாலும், அழுக்குமேல் ஊற்றினால் வீண். மண், சளி, எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை எல்லாமே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. தெருவில் அடித்த ஹைப்போ பலன் தராததும் இதனால்தான், புழுதியே அதைக் குடித்துவிடும். ஆக முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகுதான் மருந்து. காய்ந்த விளக்குமாற்றால் சரசரவென்று பெருக்குவதையும் விட்டுவிட வேண்டும். படிக்கட்டில் படிந்த தூசி மூச்சு உயரத்துக்கு எழும்பும். தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம், அல்லது ஈர மாப்பால் இழுக்கலாம்.

இப்போது அளவு. மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் பொது இடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் சொன்னது 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் சொன்னது, சாதாரணப் பரப்புகளுக்கு 0.1 சதவீதம், ரத்தம் போன்றவை பெரிதாகக் கொட்டிய இடத்துக்கு 0.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம். என் கணக்கு இதுதான்: ஜன்னல் குறைந்த மாடிப்படியிலும் ஏசி ஹாலிலும் தினமும் 1 சதவீதம் போட்டால் துடைக்கிறவருக்கு முதலில் இருமல் வரும். முன்கூட்டியே சோப்புப் போட்டுக் கழுவிய இடத்துக்கு 0.1 போதும். கழிவறைக்கும் வாந்தி எடுத்த இடத்துக்கும் 0.5. நோயாளி தங்கியிருந்த அறைக்குச் சுகாதார அலுவலர் 1 சதவீதம் என்று சொன்னால் அதன்படி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

கடையில் கேனில் வருகிற ஹைப்போவில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 100 மில்லி ஊற்றினால் 0.1 சதவீதம். 500 மில்லி ஊற்றினால் 0.5. வீட்டு உபயோக பாட்டிலில் 5 சதவீதம் என்றிருந்தால் இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள், அதாவது 200 மில்லி, 1 லிட்டர். மூடியால் அளப்பது, கண்ணால் அளப்பது, "ரெண்டு கிளக் கிளக்" என்று ஊற்றுவது எல்லாம் வேண்டாம். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கி வாளியிலேயே கட்டிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல். ஹைப்போ சூட்டில் கெட்டுப்போகும் சரக்கு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது சிதையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. சித்திரையில் மதுரை மொட்டை மாடியில் தகரக் கூரைக்கடியில் வைத்த கேனில் ஒட்டியிருக்கும் 10 சதவீதம் லேபிளில் மட்டும்தான் இருக்கும். வெயிலும் கெடுக்கும், இரும்பும் செம்பும் பட்டாலும் கெடும். ஆகவே ஸ்டீல் டம்ளரால் மொள்ளக்கூடாது. பெரிய கேன் மலிவு என்று 50 லிட்டர் வாங்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்வதைவிட, தயாரித்த தேதியைப் பார்த்து, ஒரு மாதத்துக்கு ஆகும் சின்னக் கேனாக வாங்கிக் கீழ்த்தளத்து நிழலில் வைப்பது லாபம். கேனுக்குள் வாயு சேரும், உப்பியிருந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீரில் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நேற்றுக் கலந்த வாளியில் வாடை இருக்கும், வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

ப்ளீச்சிங் பவுடர் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. புது மூட்டையில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். 10 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 0.1, 150 கிராம் போட்டால் 0.5, 300 கிராம் போட்டால் 1 சதவீதம். நீச்சல் குளத்துக்குப் போடும் குருணையில் 65 முதல் 70 சதவீதம் இருக்கும். அதற்கு இதில் பாதி அளவு. ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களும் உண்டு, கண்ணெரிகிறது என்பவர்களும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். வாய் பிரித்துப் பல வாரம் கிடந்த மூட்டை என்றால் ஒன்றரை மடங்கு போட வேண்டியிருக்கும், கட்டி தட்டி ஈரம் பாய்ந்திருந்தால் போடவே வேண்டாம்.

கரைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மளிகைக்கடைத் தராசில் ஒரு தடவை 150 கிராம் நிறுத்து, பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கொட்டி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை தராசு தேவைப்படாது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதில் பவுடரைப் போட்டு, மரக்குச்சியால் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்க வேண்டும். கால் மணியிலிருந்து அரை மணி வரை அசையாமல் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர்தான் மருந்து, அதை வேறு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள். கலங்கலாகவே எடுத்துத் துடைத்தால் கிரானைட்டில் வெள்ளைத் திட்டு படியும். அந்தத் திட்டைப் பார்த்து "நல்லாப் போட்டிருக்காங்க" என்று திருப்திப்படுகிற செகரட்டரிகளும் இருக்கிறார்கள்.

மருந்து பட்ட இடம் 10 நிமிஷம் ஈரமாக இருக்க வேண்டும். மதுரை வெயிலில், மேலே மின்விசிறியும் ஓடினால், துடைத்த ஈரம் அவ்வளவு நேரம் நிற்காது. விசிறியை நிறுத்திவிட்டுக் காலை எட்டு மணிக்குள் செய்யலாம், அல்லது துணியை ஒட்டப் பிழியாமல் சொட்டுச் சொட்டாக வைத்து இரண்டாம் தடவை ஓட்டலாம். பிறகு, கை படும் இடங்களையும் ஸ்டீலையும் நல்ல தண்ணீரில் துடைத்துவிட வேண்டும். ஸ்டீல் கைப்பிடியில் ஹைப்போ காய்ந்தே கிடந்தால் சில மாதத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மண்டபத்துக் குத்துவிளக்கு பக்கமே ஹைப்போ போகக்கூடாது. கருத்துப்போகும். அதைவிட முக்கியம், புளி போட்டுத் தேய்த்த விளக்கை ஹைப்போ வாளியில் முக்கினால் புளியின் அமிலம் குளோரினைக் கிளப்பிவிடும்.

அந்தப் புளிக் கதைதான் பெரிய அளவில் கழிவறையில் நடக்கிறது. கறை போக ஆசிட், கிருமி போக ப்ளீச்சிங், இரண்டையும் ஒரே காலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கும் ஆசிட்டும் சரி, கழுத்து வளைந்த பாட்டிலில் வரும் டாய்லெட் கிளீனரும் சரி, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஹைப்போவோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளோரின் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தங்கும். கழிவறை ஜன்னலோ கூரைக்குக் கிட்டே இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேனும் அங்கேதான் ஓடுகிறது. கழுவுகிறவர் முகமோ, இந்தியன் டாய்லெட்டைத் தேய்க்கக் குனிந்து தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. வாயு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் அவர் மூச்சு விடுகிறார். நின்றுகொண்டு மேற்பார்வை பார்க்கிறவருக்கு லேசாக மூக்கு எரியும்போது குனிந்திருப்பவருக்கு மூச்சே அடைக்கும்.

ஆகவே ஆசிட் நாள் வேறு, ப்ளீச்சிங் நாள் வேறு. ஆசிட் போட்ட கோப்பையை இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி அலசாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. யூரினலிலும் ஹைப்போ ஊற்றும் முன் தண்ணீர் விட வேண்டும். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவோடு ஹைப்போ சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு எரிச்சல் வாயு வரும். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை வாசலில் கண்ணைக் கரிக்கும் அந்த வாடை ப்ளீச்சிங் போட்டதும் இன்னும் கடுமையாவதற்கு அதுதான் காரணம். ஸ்பிரிட், வினிகர், எலுமிச்சை, ஹைட்ரஜன் பெராக்ஸைடு, பினாயில் எதையும் ஹைப்போவோடு கலக்க வேண்டாம். ஒன்று விஷமாகும், இல்லையென்றால் இரண்டும் செல்லாக்காசாகும்.

தப்பித் தவறி வாயு கிளம்பிவிட்டால், வாளியை எடுக்கத் திரும்பிப் போகாமல் ஆள் வெளியே வந்துவிட வேண்டும். நனைந்த உடுப்பைக் கழற்றி, கண்ணில் பட்டிருந்தால் குழாயடியில் 15 நிமிஷம் கழுவி, இருமலோ நெஞ்சடைப்போ இருந்தால் 108க்கு அழையுங்கள். "இப்ப பரவால்ல அக்கா, வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பியவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. அன்று இரவு வரை கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

சரக்கு வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபங்களில் ஸ்டோர் ரூம் என்பது பெரும்பாலும் ஜெனரேட்டர் ரூம்தான். டீசல் கேனுக்குப் பக்கத்தில் ப்ளீச்சிங் மூட்டையை வைக்காதீர்கள், எண்ணெய் பட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. ஆசிட்டை ஒரு மூலையிலும் ஹைப்போவை வேறு அறையிலும் வையுங்கள். எதையும் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். கல்யாண வீட்டில் ஓடித் திரியும் குழந்தைக்கு அது குடிக்கிற சாமான்தான்.

ஹைப்போ ஆகாத இடங்கள் லிஃப்ட் பட்டன், சுவிட்ச், கார்டு மெஷின். அங்கே 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், பட்டன் மேல் நேராக அடித்தால் உள்ளே இறங்கிவிடும். 70 சதவீத எத்தனால் சுமார் 17 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கிவிடும். மதுரையில் மார்கழி விடியற்காலைகூட பெரும்பாலும் அதைவிடச் சூடுதான். சமையல்கட்டு, ஹோம குண்டம், சூடம் கொளுத்தும் தட்டு பக்கம் சானிடைசர் கேனை வைக்கவே கூடாது. வாசனைத் தரைக் கழுவிகளின் லேபிளில் பென்சால்கோனியம் குளோரைடு என்றிருக்கும், அதுதான் அவற்றிலுள்ள கிருமிநாசினி. சோப்புப் போட்ட தரையை அலசாமல் அதை ஊற்றினால் சோப்பே அதை முறித்துவிடும். வாளியில் இரண்டையும் சேர்த்துக் கலக்கி "டபுள் ஆக்‌ஷன்" என்பவர்கள் இரண்டு பாட்டில் காசையும் சாக்கடையில் விடுகிறார்கள்.

துடைக்கும் வரிசை எளிது. மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, கழிவறை கடைசி. கழிவறைத் துணிக்குத் தனி நிறம். ஒரு துணியை இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு மாடிக் கைப்பிடிக்கு ஒரு பக்கம், பிறகு திருப்பிக்கொள்ளலாம். துடைத்த துணியை மருந்து வாளியிலேயே திரும்ப முக்காமல், எட்டும் முடிந்ததும் புதுத் துணி எடுங்கள். அபார்ட்மென்ட்டில் எல்லோரும் மறக்கும் இடங்கள் மோட்டார் சுவிட்ச், மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள், கேட்டின் கொண்டி, பொதுக் குழாயின் திருகு. மாப்பைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் தலைகீழாகக் காயப்போடுங்கள். வாளிக்குள் ஈரத்தோடு ஊறிக் கிடந்த மாப்பு, காலையில் மாடி மாடியாகக் கிருமியைப் பூசிக்கொண்டு போகும்.

பந்தி நடக்கும் ஹாலில் யாராவது வாந்தி எடுத்தால் பைப்பைப் பிடித்து அடிப்பதுதான் வழக்கம். அந்த வேகத்தில் நுண்துளிகள் பக்கத்து இலை வரை தெறிக்கும். ஆட்களை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார வைத்து, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பழைய பேப்பரை மேலே போர்த்தி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அட்டையால் வழித்து இரண்டு பைக்குள் கட்டுங்கள். பிறகு சோப்பு, பிறகு 0.5 சதவீத ஹைப்போ 10 நிமிஷம், பிறகு தண்ணீர். ஜமுக்காளத்தில் பட்டிருந்தால் ஹைப்போ வேண்டாம், சாயம் போய்விடும். தனியே சுருட்டிக்கொண்டு போய்ச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போடலாம்.

யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, பாத்ரூம் தரையிலிருக்கும் நானி டிராப். அதன் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் குழாய்க்கும் அறைக்கும் நடுவே மூடி. பூட்டிக் கிடக்கும் வீட்டில், லாட்ஜின் காலி அறையில், இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவே சும்மா கிடக்கும் மணமகள் அறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் வந்தது. அரசு விசாரணை சுட்டிய வழிகளில் முக்கியமானது இதுதான். வற்றிய தரை டிராப், கதவை மூடிக்கொண்டு ஓடிய எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, ஜன்னல் திறக்காத அறை சாக்கடைக் குழாயிலிருந்து காற்றை இழுத்தது. காலி அறைகளில் வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. நீண்ட நாள் பூட்டப்போகிறீர்கள் என்றால் தண்ணீருக்கு மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். ஹைப்போ அடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் சங்கங்கள் செலவே இல்லாத இதைச் செய்வதில்லை.

மாதக்கணக்கில் மூடிய கட்டடத்தைத் திறக்கும்போது தொட்டித் தண்ணீரை முழுக்க இறக்கி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடரின் தெளிவை ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். படுக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடினால் குழாய்க்குள்ளும் மருந்து நிற்கும். காலையில் அதை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர். யாரும் குடித்துவிடாமல் அதுவரை குழாயடியில் ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள்.

நோயாளி தங்கிய லாட்ஜ் அறைக்கு அவசரப்பட்டு ஆளை அனுப்ப வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு 24 மணி நேரம் பூட்டி வைத்தால், அதன்பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவதே போதும் என்பதுதான் சிடிசி 2021இல் சொன்னது. மூன்று நாள் ஆகிவிட்டால் வழக்கமான சுத்தம்தான். அறை காலியாகக் கிடக்கும் வாடகை நஷ்டத்துக்கும் ஹைப்போ செலவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயம் தனிப் பதிவுக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிர வைத்துச் சுற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் தலைக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. 500 பேர் உட்காரும் ஹாலுக்கு அது மணிக்கு 18,000 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டைப்பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். அதால் வகுத்தால் எத்தனை ஃபேன் என்று தெரிந்துவிடும், எதிர்ச் சுவரில் அதற்கு ஈடாகக் காற்று வர வழியும் வேண்டும். ஏசிப் பொறியாளர் சங்கமான இஷ்ரே 2020 ஏப்ரலில் ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வைத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னது. வைகாசி முகூர்த்தத்தில் பட்டுப்புடவைக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! குறைந்தது பந்திக்கும் பந்திக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் எல்லாக் கதவையும் திறந்துவிடலாம். நாம் விட்ட மூச்சு ஹாலில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, 800 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 800 பங்கை) தாண்டினால் திறக்கலாம்.

கடைசியாக, வாளியைத் தூக்குகிறவருக்குத் தர வேண்டியவை. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிசுக் கையுறை கம்பி கீறினாலே கிழியும். முழங்கைக்குப் பாதி தூரம் வருகிற தடித்த ரப்பர் கையுறை வேண்டும், ஆளுக்கு இரண்டு ஜோடி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மூடிய கண்ணாடி, ரப்பர் செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. என்95 மாஸ்க் துளியைத் தடுக்கும், குளோரின் வாயுவைத் தடுக்காது. மாஸ்க் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மூடிய கழிவறைக்குள் நிற்கக்கூடாது. 24 வீடு உள்ள கட்டடத்தில் கைப்பிடி, பட்டன், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் மேலே சொன்னபடி 10 நிமிஷ ஈரத்தோடு துடைக்க, பெருக்கும் நேரம் போக இன்னும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பழைய சம்பளத்துக்குள்ளேயே அந்த ஒரு மணி நேரத்தையும் திணித்தால், அந்தப் பத்து நிமிஷம்தான் முதலில் காணாமல் போகும். வேலை முடிந்ததும் கையுறையைப் போட்டபடியே சோப்பால் கழுவி, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, வியர்வை காய நிழலில் தொங்கவிடச் சொல்லுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.